ஆமத்தூருக்கு வந்த இரண்டு பிளசர்கள்

போன மாதம் கோயம்புத்தூரிலிருந்து பேரன் போன் செய்தான். கார் வாங்கப் போகிறானாம். "டிசையரா, அமேஸா, நீங்களே சொல்லுங்க தாத்தா. ரெண்டும் ஒரே விலைதான். கணக்குப் பார்க்கிறதுல உங்களை மிஞ்ச ஆள் இல்லைன்னு அப்பா சொல்றாங்க" என்றான்.

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. சொந்தமாக ஒரு காரும் வைத்திருந்ததில்லை. ஆனால் அவன் அப்பா சொன்னதில் ஒரு பாதி உண்மை. ஐம்பத்து நாலு வருடத்துக்கு முன்னால், ஒரே விலையில் இருந்த இரண்டு கார்களை ஒப்பிட்டு நான் ஒரு முழுப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். அந்தக் கதையையும், அந்த இரண்டு வண்டிகளும் நம் நாட்டுக்கு வந்த கதையையும் எழுதி வைக்கத் தோன்றியது. எழுபது வயதைத் தாண்டியவர்களுக்கு இரண்டு வண்டியின் சத்தமும் இன்னும் காதில் இருக்கும்.

ஆமத்தூரில் காரைக் கார் என்று சொல்ல ஆரம்பித்தது பின்னாளில்தான். என் அம்மா கடைசிவரை 'பிளசர்' என்றே சொன்னாள். லாரி, பஸ் மாதிரி பிழைப்புக்கு ஓடாமல், சுகமாக ஆள் போய்வர ஓடுகிற வண்டி என்பதால் வெள்ளைக்காரன் காலத்தில் வந்த பெயர். விருதுநகரிலிருந்து சிவகாசி போகும் ரோட்டில் ஒரு பிளசர் வந்தால், கரிசல் காட்டில் களை எடுக்கிறவர்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் குனிவார்கள். அந்த வண்டி விருதுநகர் எண்ணெய், வத்தல் வியாபாரிகளுடையதாக இருக்கும்; இல்லாவிட்டால் சிவகாசி தீப்பெட்டி, அச்சாபீஸ் முதலாளிகளுடையதாக இருக்கும். 1922ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்று வந்து, மறு வருடம் சிவகாசியில் தீப்பெட்டி போடத் தொடங்கியதிலிருந்து இந்த ரோட்டின் தலையெழுத்தே மாறியது என்பது நம் எல்லோருக்கும் தெரிந்த வரலாறு. மழை பொய்த்த கரிசலில் தீப்பெட்டி ஆபீஸ்கள் முளைத்தன. அப்படிப்பட்ட ஓர் ஆபீஸில்தான் 1969ல் நான் கணக்கெழுதச் சேர்ந்தேன். மாதச் சம்பளம் 110 ரூபாய்.

முதலில் வண்டிகளின் பூர்வீகத்தைச் சொல்லிவிடுகிறேன்.

இந்தியாவிலேயே கார் செய்ய வேண்டும் என்று 1930களிலேயே குரல் கொடுத்தவர்களில் ஒருவர் மைசூர் விசுவேசுவரய்யா. அதைக் கையில் எடுத்தவர்கள் இரண்டு பெரிய முதலாளிகள். பி.எம். பிர்லா 1942ல் இந்துஸ்தான் மோட்டார்ஸைத் தொடங்கினார். குஜராத்தில் ஓகா துறைமுகத்தில் ஆரம்பித்த வேலை, சுதந்திரத்துக்குப் பிறகு கல்கத்தா பக்கம் உத்தர்பாராவுக்கு மாறியது. விசாகப்பட்டினத்தில் கப்பல் கட்டவும் பெங்களூரில் விமானம் செய்யவும் முன்கை எடுத்த வால்சந்த் ஹீராசந்த், 1944ல் பம்பாயில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸைத் தொடங்கினார். அதன் தொழிற்சாலை குர்லாவில். பிர்லா பிடித்தது இங்கிலாந்தின் மாரிஸ் கம்பெனியை. வால்சந்த் முதலில் அமெரிக்கக் கிரைஸ்லரோடு சேர்ந்து டாட்ஜ், பிளிமத் வண்டிகளைப் பூட்டினார். பிறகு அவருடைய கம்பெனி இத்தாலியின் பியட்டோடு சேர்ந்தது.

சுதந்திர இந்தியா முதலில் முழு வண்டி இறக்குமதியை நிறுத்தியது. 1953ல் டாரிஃப் கமிஷன் சொன்னதை ஏற்று, உதிரிகளைக் கொண்டுவந்து பூட்டிக் கொடுப்பது மட்டும் போதாது, இங்கேயே உற்பத்தி செய்யத் திட்டம் உள்ளவர்கள்தான் நிற்கலாம் என்று அரசு முடிவு எடுத்தது. போர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டின. கார் என்று வாங்கப் போனால் மிஞ்சியது மூன்றே கம்பெனிகள். கல்கத்தாவில் இந்துஸ்தான், பம்பாயில் பிரீமியர், மூன்றாவது நம் மதராஸ் ஸ்டாண்டர்ட்.

கல்கத்தாக்காரர்கள் முதலில் லேண்ட்மாஸ்டர் போட்டார்கள். பிறகு மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையின் அச்சுகளை வாங்கி, ஐம்பதுகளின் கடைசியில் அதற்கு அம்பாசிடர் என்று பெயர் வைத்தார்கள். இங்கிலாந்தில் அந்த வண்டியை 1959ல் நிறுத்திவிட்டார்கள். நம்மிடம் அது 2014 மே மாதம் வரை ஓடியது. பம்பாய்க்காரர்கள் பியட் 1100ஐப் பல பெயர்களில் போட்டு, 1964ல் 'டிலைட்' என்ற உருவத்துக்கு வந்தார்கள். இத்தாலியில் அது 1966ல் நின்றது. இங்கே பெயர் மட்டும் மாறி, பிரீமியர் பிரசிடென்ட் என்றும், 1974லிருந்து பத்மினி என்றும், 2000 வரை வந்துகொண்டிருந்தது. சித்தூர் ராணியின் பெயர் அது. நம் ஊரில் பாதிப் பேர் நடிகை பெயரை வைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தார்கள்.

மதராஸ் வண்டியை மறக்கக் கூடாது. பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம் ரயிலில் போகும்போது அந்தத் தொழிற்சாலையைப் பார்த்தவர்கள் இருப்பீர்கள். ஸ்டாண்டர்ட் டென், பென்னன்ட் என்று வந்து, 1961ல் ஹெரால்டு வந்தது. மிச்செலோட்டி என்ற இத்தாலியர் வரைந்த உருவம். 948 சி.சி. என்ஜின். முன்பக்க மட்காடும் பானெட்டும் ஒரே துண்டாகத் தூக்கிக்கொள்ளும். மாட்டுவண்டி திரும்புகிற சந்தில் இதுவும் திரும்பும். ஆனால் முதலில் இரண்டே கதவுதான். நாலு கதவு பின்னால்தான் வந்தது. குடும்ப வண்டி என்று பேச்சு வந்தால் நம் பக்கத்தில் போட்டி மற்ற இரண்டுக்கும்தான்.

இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். அன்று பணம் இருந்தால் கார் கிடைத்துவிடாது. முன்பணம் கட்டிப் பெயர் பதிய வேண்டும். வரிசை வர வருடக் கணக்கு ஆகும். 1959லேயே கார் விற்பனையை முறைப்படுத்தும் கட்டுப்பாட்டு உத்தரவு வந்துவிட்டது. அரசு கோட்டாவில் வாங்குகிறவர்கள் தனி வரிசை. பியட்டுக்கு வரிசை மிக நீளம். அம்பாசிடருக்கு அதைவிடக் குறைவு. பதிவு செய்து கிடைத்த வண்டியை அப்படியே கூடுதல் விலைக்குக் கைமாற்றிவிட ஆள் அலைந்தது. 1969ல் மத்திய அரசு மூன்று கார்களுக்கும் சட்டப்படி விலை நிர்ணயித்தது. கம்பெனிகள் உச்ச நீதிமன்றம் போயின. ஓய்வுபெற்ற தலைமை நீதிபதி ஏ.கே. சர்க்கார் தலைமையில் கமிஷன் வைத்து, ஒரு காரைச் செய்ய என்ன செலவாகிறது என்று கணக்குப் பார்த்தார்கள். 1971 நவம்பரில் தீர்ப்பு வந்தது. இத்தனை வழக்குக்கும் நடுவில் அம்பாசிடரும் பியட்டும் பதினைந்து, பதினாறு ஆயிரத்தை ஒட்டி, ஏறத்தாழ ஒரே விலையில் நின்றன. விலையை வைத்து முடிவெடுக்க வழியில்லை என்பதால் வேறு எதையெல்லாமோ வைத்து முடிவெடுக்க வேண்டியிருந்தது.

இனி எங்கள் ஆபீஸ் கதை.

எங்கள் முதலாளியை ஊரே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். அவர் அறுபதுகளின் நடுவிலேயே இரண்டுக்கும் பதிந்து வைத்திருந்தார். எது முதலில் வருகிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம். ஆனால் 1970 கடைசியில் இரண்டு கடிதமும் ஒரு மாத இடைவெளியில் வந்து நின்றன. அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, பேரேட்டுல பற்று, வரவுன்னு ரெண்டு பக்கம் எழுதுறேல்ல. அதே மாதிரி இதை எழுதிக் கொண்டா. கோடு போட்டு, இந்தப் பக்கம் அம்பாசிடர், அந்தப் பக்கம் பியட்டு."

எனக்கு வயது இருபத்து மூன்று. இப்படி ஒரு பொறுப்பு கிடைத்ததில் தலைகால் புரியவில்லை. மூன்று மாதம் அலைந்தேன். விருதுநகர் பட்டறைகளில் டிரைவர்களோடு டீ குடித்தேன். சிவகாசிக்கு லேபிள் வாங்கப் போகும்போதெல்லாம் அச்சாபீஸ் வாசலில் நிற்கும் வண்டிகளை முழக்கோல் வைத்து அளந்தேன். எங்கள் ஊர் டாக்டரிடம் 1967 பியட் டிலைட் ஒன்று இருந்தது. அவரிடம் போய் அவருடைய பெட்ரோல் கணக்கையே கேட்டேன். சிரித்துக்கொண்டே டைரியைக் கொடுத்தார்.

அன்று எழுதிய பக்கத்தின் சாரம் இதுதான்.

அம்பாசிடர் என்ஜின் 1489 சி.சி., பியட் 1089 சி.சி. நீளத்தில் அம்பாசிடர் முக்கால் முழத்துக்கு மேல் கூடுதல். அகலத்தில் அரை முழம் போல. எடை இருநூறு கிலோவுக்கு மேல் அதிகம். அந்த எடையை இழுக்கத்தான் அந்தப் பெரிய என்ஜின். லிட்டருக்கு அம்பாசிடர் பத்து கிலோமீட்டர் கொடுத்தால் டிரைவர் மீசையை முறுக்கினார். பியட் பன்னிரண்டு, பதின்மூன்று சாதாரணமாகக் கொடுத்தது. வருடத்துக்கு 12,000 கிலோமீட்டர் ஓட்டம் என்று வைத்தேன். அம்பாசிடருக்கு 1,200 லிட்டர். பியட்டுக்கு 920 சொச்சம். மிச்சம் ஏறக்குறைய 280 லிட்டர். அன்றைய விலையில் அது என் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல்.

இரண்டிலும் கியர் ராடு ஸ்டேரிங்குக்குக் கீழேதான். ஆனால் பியட்டில் கியர் வெண்ணெயில் கத்தி போல விழும் என்று டாக்டர் சொல்வார். ஸ்டேரிங்கும் லேசு. பெண்கள் ஓட்டக்கூடிய வண்டி என்று விருதுநகரில் ஒரு டிரைவர் சொன்னார். அதைக் குறை மாதிரிதான் சொன்னார். நான் அதை வரவுப் பக்கத்தில் எழுதினேன். அம்பாசிடரின் சக்கரம் பெரியது, அடி மண்ணில் தட்டாது. கரிசல் மண் மழையில் பிசைந்த மாவாகிவிடும். வண்டித் தடத்தில் இறங்கி ஏற அது தோது. டிக்கியில் லேபிள் கட்டு எத்தனை ஏற்றினாலும் இடம் இருக்கும். பட்டறை விஷயத்தில் அம்பாசிடருக்கே ஜெயம். சாவியும் சுத்தியலும் தெரிந்த எவனும் அதைக் கழற்றிப் பூட்டிவிடுவான் என்பது நெடுஞ்சாலை முழுக்க அடிபட்ட பேச்சு. முன்சீட்டு இரண்டிலும் ஒரே பெஞ்சு. அம்பாசிடரில் டிரைவரோடு மூன்று பேர் நெருக்கடி இல்லாமல் உட்காரலாம்.

எல்லாவற்றுக்கும் ரூபாயில் விலை போட்டேன். பெட்ரோல், டயர், தேய்மானம், இரண்டு வருடம் கழித்து விற்றால் என்ன வரும் என்பது வரை. விற்கிற விலையிலும் பியட்தான் மேலே நின்றது. வரிசை நீளமாக இருக்கிற சரக்குக்குத்தானே வெளியில் கிராக்கி. கூட்டிக் கழித்து, "பியட் சிலாக்கியம்" என்று கீழே எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தார். "கணக்கு சரிதான்" என்றார். பிறகு உள்ளே குரல் கொடுத்தார். அவர் வீட்டம்மா வந்தார்கள். எங்களுக்கு அவர்கள் மதினி. படிப்பு மூன்றாம் வகுப்புதான். நான் வாசித்துக் காட்டியதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்கள்.

"பின்னாடி ஒரு ஆளைப் படுக்க வைக்க முடியுமா தம்பி?"

அளந்த எனக்குத் தெரியும். பியட்டில் காலை மடக்கி, இன்னொருவர் மடியில் தலை வைத்துத்தான். அம்பாசிடரில் முழங்காலைக் கொஞ்சம் மடக்கினால் ஒரு பெண்பிள்ளை படுக்கலாம். சொன்னேன்.

"அப்ப அதையே எடுங்க" என்று சொல்லிவிட்டு மதினி உள்ளே போய்விட்டார்கள்.

எனக்குச் சங்கடமாகப் போயிற்று. மூன்று மாத உழைப்பை ஒரு வாய் வார்த்தையில் தட்டிவிட்டார்களே என்று. வெளியே வந்ததும் அண்ணாச்சியின் டிரைவர் சொன்னார். நான் வேலைக்குச் சேருவதற்கு மூன்று வருடம் முன்பு, மருந்து முக்கும் கொட்டகையில் தீப்பிடித்து ஒரு பெண்ணைக் கட்டை வண்டியில் விருதுநகர் கொண்டுபோனார்களாம். பத்து கிலோமீட்டர் போல இருக்கும். போய்ச் சேரவில்லை. கூடப் போனது மதினி.

1971 தை மாதம் வெள்ளை அம்பாசிடர் வந்தது. முன்னால் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினோம். ஊர்ப் பிள்ளைகள் பம்பரில் முகம் பார்த்தார்கள். கல்யாணம், காதுகுத்து, திருச்செந்தூர் பயணம், திருத்தங்கல் கோயில், பேண்ட்ரோல் வாங்க எக்சைஸ் ஆபீஸ் என்று அது நிற்க நேரமில்லை. ஒன்பது பேர் போனதையும் நான் எண்ணியிருக்கிறேன். டாக்டரின் சாம்பல் நிறப் பியட், தினமும் காலையில் கடிகாரம் மாதிரி எங்கள் ஆபீஸைத் தாண்டிப் போகும். ஊரில் இரண்டு கட்சி. டீக்கடையில் எம்.ஜி.ஆர்., சிவாஜி மாதிரி அம்பாசிடர், பியட் பேச்சு நடக்கும். நான் வெளியில் சொல்லாத பியட் கட்சி. 1973 கடைசியில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்திப் பெட்ரோல் விலை கிடுகிடுவென்று ஏறியபோது, என் பழைய பக்கத்தை எடுத்துப் பார்த்து மனசுக்குள் சந்தோஷப்பட்டேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

1974 மே மாதம். சரியான அக்கினி நட்சத்திரம். மத்தியானம் சாப்பாட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால். முக்கிக் காயவைத்திருந்த குச்சிச் சட்டங்களில் தீப்பிடித்தது. எப்படி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சட்டம் சட்டமாகப் பற்றிக்கொண்டு போனது. கொட்டகைக்கு ஒரே கதவு. மூன்று பெண்கள், ஒரு பையன். பையனுக்குப் பத்து வயது இருக்கும். சிறுபிள்ளைகள் எல்லா ஆபீஸிலும் வேலை செய்த காலம் அது. அந்த வயதில் அவன் அங்கே என்ன செய்தான் என்று அன்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

மோசமாக வெந்திருந்த பெண்ணை வாழை இலையில் கிடத்தி அம்பாசிடரின் பின்சீட்டில் ஏற்றினோம். அவளுடைய தாய் கீழே, காலடி இடத்தில் குந்திக்கொண்டாள். மற்ற இரண்டு பெண்களும் முன் பெஞ்சில். டிரைவர் கிளம்பிவிட்டார். புகையைப் பார்த்து டாக்டர் பியட்டில் வந்துவிட்டார். பையனை என் மடியில் வைத்துக்கொண்டு நான் முன்சீட்டில் ஏறினேன். டாக்டரே ஓட்டினார். விருதுநகரில் நிற்க வேண்டாம், நேரே மதுரை பெரியாஸ்பத்திரி என்று முடிவு. ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர். கள்ளிக்குடி தாண்டி அம்பாசிடரை முந்தினோம். முந்தும்போது பார்த்தேன். அந்தத் தாய் முந்தானையால் விசிறிக்கொண்டே வந்தாள். திருமங்கலம் வரை பையன் "அண்ணே, அம்மாகிட்ட சொல்லிட்டாங்களா" என்று கேட்டுக்கொண்டே வந்தான். அதற்குப் பிறகு பேசவில்லை.

நாங்கள் பத்து நிமிடம் முன்னால் போய்ச் சேர்ந்தோம். பையன் பிழைத்தான். இடது கை விரல்கள் சேர்ந்துவிட்டன. முன்பெஞ்சில் போன இரண்டு பெண்களும் ஒரு மாதத்தில் வீட்டுக்கு வந்தார்கள். படுத்துப் போனவள் மூன்றாம் நாள் விடியற்காலையில் இறந்துபோனாள். வண்டி மெதுவாகப் போனதால் இல்லை, அந்தக் காயத்துக்கு அன்று யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். ஆனால் படுத்துக்கொண்டு போனாள், தாயின் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். அந்த அளவுக்கு மதினியின் கேள்வி சரி. சின்ன வண்டி வேகமாகப் போய் ஒரு பையனைக் காப்பாற்றியது. அந்த அளவுக்கு என் கணக்கும் சரி. இரண்டையும் வைத்து நான் பல ராத்திரி யோசித்திருக்கிறேன்.

மதுரைக்குப் போய்வந்த பெட்ரோல் செலவை எந்தக் கணக்கில் எழுதட்டும் என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். "எழுதாதே" என்றார். அதனால் அந்த வருடப் பேரேட்டில் அந்த நாளுக்கு ஒன்றும் இல்லை. பதினைந்து நாள் கழித்து ஒரு வரி மட்டும் இருக்கிறது. 'கார் பின்சீட்டு உறை மாற்றியது.' நான் எழுதியதுதான். தொகை இப்போது நினைவில் இல்லை. கை நடுங்கி எழுத்து கோணிப்போனது நினைவிருக்கிறது.

அதைவிட முக்கியமான ஒன்றை இவ்வளவு வருடம் நான் எங்கும் எழுதவில்லை. எந்தக் கார் என்று மூன்று மாதம் அளந்தோம். டிக்கி எத்தனை முழம், சீட்டு எத்தனை முழம் என்று நான் எழுதிவைத்தேன். பிழைக்காதவர்களை எடுத்துப் போக எந்த வண்டி தோது என்றுகூட யோசித்தோம். அந்தக் கொட்டகைக்கு எதிர்ப்புறம் இன்னொரு கதவு வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கட்டைவண்டியில் ஒருத்தி போன பிறகும் தோன்றவில்லை. 1974 ஜூன் மாதக் கணக்கில் அது இருக்கிறது. 'கொட்டகைகளுக்குக் கதவு வைத்த வகையில், தச்சுக்கூலி உள்பட.' பெரிய தொகை இல்லை. காரின் நாலு டயர் விலைகூட வராது. அண்ணாச்சி நல்ல மனுஷர். நானும் கெட்டவன் இல்லை. ஆனால் நடந்தது இது.

மிச்ச வரலாற்றையும் சொல்லி முடிக்கிறேன்.

பின்னாளில் அம்பாசிடருக்கு டீசல் என்ஜின் வந்தது. வாடகைக் கார்க்காரர்கள் அத்தனை பேரும் அதன் பக்கம் சாய்ந்தார்கள். அரசு அதிகாரிகள், மந்திரிகள் எல்லோருக்கும் அதுதான். எம்.ஜி.ஆரின் 4777 நம்பர் அம்பாசிடரை அவர் நினைவு இல்லத்தில் பார்த்திருப்பீர்கள். பியட், பத்மினியாகி, பம்பாயின் கறுப்பு மஞ்சள் டாக்சியாக ஒரு தலைமுறைக்குச் சோறு போட்டது. அங்கே கடைசி பத்மினி டாக்சி ஓட்டத்தை நிறுத்தியது 2023 அக்டோபரில்தான்.

இரண்டுக்கும் எதிரி வந்தது 1983 டிசம்பரில். மாருதி 800. என்ஜின் 796 சி.சி., விலை 47,500 ரூபாய். முப்பது வருடம் போட்டியே இல்லாமல் இருந்தவர்களுக்கு அது இடி. அம்பாசிடர்காரர்கள் கான்டெஸ்ஸாவும், பிரீமியர்காரர்கள் 118 என்.இ.யும் போட்டுப் பார்த்தார்கள். மதராஸ் ஸ்டாண்டர்ட் கம்பெனி 1985ல் ஸ்டாண்டர்ட் 2000 என்று ஒரு பெரிய வண்டியைக் கொண்டுவந்தது. உடம்பு புது இங்கிலீஷ் ரோவர். என்ஜின் பழைய வேன்கார்டு காலத்து வழி. விற்கவில்லை. 1988ல் கதவை மூடினார்கள். நம் மாநிலத்தில் கார்த் தொழில் முடிந்தது என்று அன்று பேசிக்கொண்டோம். பத்தே வருடத்தில், 1998ல், இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் சான்ட்ரோ வெளியே வந்தது. அடுத்து மறைமலை நகரில் போர்டு வந்தது. 1950களில் மூட்டை கட்டிப் போன அதே போர்டு. வரிசையில் நின்று கார் வாங்கிய நாடு, கார் செய்து கப்பலேற்றும் நாடானதை நம் கண்ணாலேயே பார்த்துவிட்டோம்.

இதில் ஒரு வேடிக்கை. 2006 பட்ஜெட்டில் நாலு மீட்டர் நீளத்துக்குள், பெட்ரோல் வண்டியானால் 1200 சி.சி.க்குள் இருந்தால் வரி குறைவு என்று வைத்தார்கள். அதனால்தான் இன்றைய டிசையர், அமேஸ் எல்லாம் வால் வெட்டினது மாதிரி நாலு மீட்டருக்குள் நிற்கின்றன. டாக்டரின் பழைய பியட்டும் நாலு மீட்டருக்குச் சற்றுக் குறைவு, 1089 சி.சி. இன்றைக்கு வந்தால் அதற்கும் அந்தச் சலுகை உண்டு. அம்பாசிடருக்குக் கிடையாது.

அண்ணாச்சியின் அம்பாசிடரை 1991ல் விற்றோம். திருவில்லிபுத்தூர் பக்கம் வாடகைக்கு ஓடுவதாகக் கேள்விப்பட்டேன். டாக்டர் காலமான பிறகு பியட் அவர் வீட்டு வேப்பமரத்தடியில் பல வருடம் நின்று, ஒருநாள் பழைய இரும்புக்குப் போனது. 2008ல் 108 வண்டி வந்தது. அதற்கு முன்னால் இந்த ரோட்டில் முதலாளிகளின் பிளசர்களே ஆம்புலன்ஸ் என்பதை இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். விரல் சேர்ந்த பையன் இன்று பேரன் எடுத்துவிட்டான். பெட்டிக்கடை வைத்திருக்கிறான். எங்கள் வீட்டுத் தீப்பெட்டியும் அவன் கடையில்தான் வாங்குவது. அந்த மடி நினைவு அவனுக்கு இருக்கிறதா என்று நான் கேட்டதில்லை.

பேரனுக்கு மறுநாள் போன் செய்தேன். மைலேஜ், விலை எல்லாம் நீயே பார்த்துக்கொள், அதெல்லாம் இப்போது கைப்பேசியிலேயே இருக்கிறது என்றேன். இரண்டு வண்டியிலும் பின்சீட்டில் உன் பாட்டியைப் படுக்க வைத்துப் பார்த்துவிட்டு முடிவு பண்ணு என்றும் சொன்னேன்.

"எதுக்கு தாத்தா?" என்றான்.

"ஊருக்கு வா, சொல்றேன்" என்றேன். தீபாவளிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான்.